தலை சேராத அளவு

சட்டைக்கு மாதிரி வெட்டுவதற்கென்று கல்லூரியில் தரும் பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, மூலைக்கொன்றாகக் கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று வைத்து அமுக்கிவிட்டு, அதன் நடுவில் குப்புறப் படுத்திருந்தாள் டைம்டேபிள். ஆனால் அவள் வரைந்துகொண்டிருந்தது சட்டை அல்ல. வருகிற புதன்கிழமையை. இடது ஓரத்தில் காலை ஐந்தே முக்கால் பேருந்து. வலது ஓரத்தில் இரவு ஏழரைக்கு மூடும் விடுதிக் கதவு. இடையில் இருக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். தண்ணீர் விளையாட்டை எப்போது முடித்தால் துணி காயும், எந்த ராட்டினத்துக்கு எத்தனை மணிக்கு வரிசை குறையும், சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எப்போது கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போவது, எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. குளிப்பதற்குக் கூட அட்டவணை போடுகிறவள்.

"மூச்சு விடறதுக்கு எத்தனை மணிக்குடி நேரம் ஒதுக்கியிருக்க?" என்றாள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த ஜட்ஜம்மா.

"பஸ்ல போறப்ப விட்டுக்கோ. உள்ள போயிட்டா அதுக்கெல்லாம் நேரமில்ல."

ஜட்ஜம்மா என்ற பெயரும் காரணப் பெயர்தான். விடுதியில் வாளிச் சண்டை, மின்விசிறிச் சண்டை, யாருடைய சோப்பை யார் கரைத்தது என்ற சண்டை, எதுவானாலும் வழக்கு அவள் கட்டிலடிக்குத்தான் வரும். இரண்டு பக்கமும் கேட்பாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பாள். பிறகு ஒரே வரியில் தீர்ப்பு. வார்டனே ஒரு முறை தன் தங்கையோடு உண்டான மனஸ்தாபத்தை மெல்ல வந்து இவளிடம் கேட்டுவிட்டுப் போனது ஊரறிந்த ரகசியம்.

ஆடை வடிவமைப்புப் படிப்பில் மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே அறை. இன்னும் மூன்று மாதத்தில் ஒருத்தி ஒரு பக்கம், இன்னொருத்தி வேறு பக்கம். டைம்டேபிளுக்கு வெகு தொலைவில் ஒரு தையல் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. ஜட்ஜம்மா ஊருக்குப் போய் அம்மாவின் கடையில் உட்காரப் போகிறாள். போன வருடம் துணிச் சந்தைக்கு வகுப்பே பேருந்தில் போனபோது, மரங்களுக்கு மேலே ஒரு இரும்புத் தண்டவாளம் வானத்துக்கு ஏறித் தலைகீழாகச் சுற்றி இறங்குவதை ஜட்ஜம்மா பார்த்தாள். ஜன்னல் கம்பியில் நெற்றி பதிய, அது மறையும் வரை பார்த்தாள். "அதுல ஒரு தடவ போகணும்டி" என்றாள். இதுவரை எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் போனதில்லையாம். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கூட அம்மா அனுப்பவில்லையாம். தனக்கென்று எதையுமே கேட்காதவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அன்றே டைம்டேபிள் முடிவு செய்துவிட்டாள், படிப்பு முடிவதற்குள் இவளை அதில் ஏற்றியே தீருவது என்று.

அதற்கு அவள் தலையால் தண்ணீர் குடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு மாதம் டிக்கெட் காசுக்காக விடுதிப் பெண்களின் கிழிந்த ஜிப்பெல்லாம் இவர்கள் அறைக்கு வந்தது. வார்டன் வீட்டுத் திரைச்சீலை பதினாறுக்கும் ஓரம் அடித்தார்கள். விடுமுறைக் காலத்தில் போனால் கட்டுப்படியாகாது. புதன்கிழமை, கல்லூரி அடையாள அட்டை காட்டினால் பாதி விலை. அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். பூங்காவின் இணையதளத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருந்தாள். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்.

புதன்கிழமையும் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், மதியம் இரண்டு மணி வரை எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே நடந்தது. தண்ணீர்ச் சறுக்கில் ஜட்ஜம்மா நான்கு முறை இறங்கினாள். சுற்றும் கிண்ணத்தில் உட்கார்ந்து எழுந்து, நடக்கத் தெரியாமல் ஒரு குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்து நின்றாள். மோதும் காரில், தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரரைத் துரத்தித் துரத்தி இடித்தாள். "நீதிபதியே இப்படி பண்ணா நாட்டுல யாருடி ஒழுங்கா இருப்பாங்க?" என்று கேட்டதற்கு, "கோர்ட்டுக்கு இன்னிக்கி லீவு" என்றாள். அவளை அப்படிப் பார்க்கப் பார்க்க டைம்டேபிளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. நாமும் ஒரு மனுஷிக்கு ஒரு நாளைத் தைத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்குப் பெரிய தண்டவாளத்தின் வரிசையில் நின்றார்கள். தலைக்கு மேலே வண்டி தடதடவென்று போகும்போதெல்லாம் டைம்டேபிள் தலையைக் குனிந்துகொண்டாள். மாடிப் படியில் கூடச் சுவரோரமாக நடக்கிறவள் அவள். திட்டத்தில் அந்தக் கட்டத்துக்குள், 'கண்ணை மூடிக்கொள். அவள் கையைப் பிடித்துக்கொள். நூற்றியிருபது வரை எண்ணு' என்று பொடி எழுத்தில் தனக்கே எழுதி வைத்திருந்தாள். ஜட்ஜம்மா என்னவோ காலையிலிருந்து இருந்த கலகலப்புக் குறைந்து நின்றாள். பயமாக இருக்கும் என்று டைம்டேபிள் நினைத்தாள்.

வரிசையின் முனையில், கழுத்தில் விசில் தொங்க ஓர் அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் மரத்தில் செய்த ஒட்டகச்சிவிங்கி. அதன் வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு. முன்னால் போன ஒரு சிறுமியை அதன் அருகில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். பிறகு ஜட்ஜம்மாவைப் பார்த்தார்.

"நீங்களும் இப்படி வந்து நில்லுங்கம்மா."

டைம்டேபிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவ சின்னப் பிள்ளை இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் காலேஜு."

"தெரியுதும்மா. உயரம் மட்டும் பாத்துடறேன்."

ஜட்ஜம்மா போய் நின்றாள். முதுகை நேராக்கினாள். உச்சந்தலை சிவப்புக் கோட்டைச் சரியாகத் தொட்டது. டைம்டேபிள் வெற்றிப் பார்வை பார்த்தாள். அக்கா குனிந்து காலைப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு நில்லுங்கம்மா."

ஜட்ஜம்மா அசையவில்லை. பிறகு மெல்லக் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். காலை வெளியே எடுத்தபோது ஷூவோடு ஒட்டாமல் ஏதோ நழுவிக் கீழே விழுந்தது. பாதத்தின் வடிவத்தில் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, ஓரம் அடித்த தடித்த கம்பளித் துணி. இரண்டாவது காலிலிருந்தும் ஒன்று. குதிகால் பக்கம் ஏழெட்டு அடுக்கு, விரல் பக்கம் இரண்டு, சரிவு தெரியாமல் படிப்படியாக இறக்கியிருந்தது. ஒரு தையல் கூட வளையவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை இந்த வகுப்பில் ஒரே ஒருத்திதான் செய்வாள் என்று டைம்டேபிளுக்குத் தெரியும்.

இப்போது தலைக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது.

டைம்டேபிள் பையிலிருந்து பழுப்புத் தாளை எடுத்து விரித்தாள். ஏன் விரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இணையதளத்தில் அந்தப் பக்கம் இருந்தது, தலைப்பு கூட நினைவிருந்தது: 'குழந்தைகளுக்கான விதிமுறைகள்.' நமக்கெதற்கு என்று தாண்டிப் போனதும் நினைவிருந்தது. அட பாவி! ஜட்ஜம்மாவின் உடம்பில் அவளுக்குத் தெரியாத அளவு உண்டா? கடையில் வாங்கும் எந்தத் துணியும் அவளுக்குப் பொருந்தாது என்பதால், முதல் வருடத்திலிருந்து அவள் போடுவதெல்லாம் டைம்டேபிள் தைத்ததுதான். தோள் பன்னிரண்டு, முழுக்கை பதினெட்டு, கால் முப்பத்திரண்டு. அளவு நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். ஆனால் தையல்காரியின் நாடா கழுத்தடியில் தொடங்கிக் கீழே போகிறது. தலையையும் சேர்த்து ஓர் ஆளை யாரும் அளப்பதில்லை. மூன்று வருடத்தில் தன் சிநேகிதி எவ்வளவு உயரம் என்று அவள் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"அக்கா, மூணு விரல்தான்க்கா."

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா கம்பி தோள் மேல வந்து உக்காரணும். உக்காரலன்னா வண்டி தலைகீழாப் போறப்ப ஆள் வழுக்கிடுவாங்க."

"நான் தைக்கறவக்கா. தோளுக்குப் பஞ்சு வெச்சுத் தரேன். அஞ்சு நிமிஷம் குடுங்க, ஊசி நூல் கையில இருக்கு. கம்பி கச்சிதமா உக்காரும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இன்னிக்கி முழுக்க நான் பாத்த ஃப்ரெண்டுங்கள்ல நீதாம்மா நல்ல ஃப்ரெண்டு" என்றார். "ஆனா விட முடியாது."

ஜட்ஜம்மா துணி அடுக்குகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷூவை மாட்டினாள். டைம்டேபிளின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து ஓரமாக இழுத்தாள். டைம்டேபிள் அழ ஆரம்பித்திருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வாரமா தெரியும். அந்த வெப்சைட்ட நானும் படிச்சேன்."

"பின்ன ஏன்டி சொல்லல? நான் பாட்டுக்குக் கட்டம் கட்டமா வரஞ்சிட்டு இருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இப்படி எல்லாரும் பாக்க உன்னைக் கொண்டாந்து நிறுத்திட்டேனே!"

ஜட்ஜம்மா வழக்கம்போல் கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். அங்கே கூரை இல்லை, தண்டவாளம்தான் இருந்தது.

"ஸ்கூல்ல டூர் போறப்பல்லாம் எங்கம்மா, அடுத்த வருஷம் வளந்ததும் போலாம்னு சொல்லும். பன்னெண்டு வயசுக்கு மேல அதச் சொல்றதையும் நிறுத்திடுச்சு. என்னைப் பாத்ததும் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது என் உயரம்தான்டி. நல்லவங்களுக்கும் அதான் வரும், உடனே முகத்த மாத்திக்குவாங்க. நீ என்னை வெச்சு இவ்ளோ பெரிய பிளான் போட்ட, உனக்கு மட்டும் அது ஞாபகமே வரல. அதச் சொல்லிக் கெடுக்கணுமா?" மூக்கை உறிஞ்சினாள். "ஆசை இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ரொம்ப இருந்துச்சு. அதான் துணிய வெச்சுத் தச்சேன். மாட்டிக்குவேன்னு நெனைக்கல."

"நீ தச்சதுல குத்தமே இல்ல" என்றாள் டைம்டேபிள் அழுதுகொண்டே. "ஃபினிஷிங் அவ்ளோ நல்லாருந்துச்சு."

அதைக் கேட்டு ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அவளுக்கும் கண்ணில் நீர் இறங்கிவிட்டது. முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி, தீர்ப்பு சொல்லவா? நீ போற."

"நானா? விளையாடறியா? எனக்கு உசிரே போயிடும்!"

"போகாது. மேல போனதும் கண்ணைத் தொறக்கணும். மூடுனா செல்லாது. அங்க என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும். போ."

அந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு கிடையாது. டைம்டேபிள் போனாள். விசில் அக்காவே அவளுக்குக் கம்பியைப் பூட்டிவிட்டார். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வண்டி நகர்ந்தபோது அவள் தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும், வார்டனையும், அம்மாவையும் வரிசையாகக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது அவளுக்கு முடி நட்டுக்கொண்டு நின்றது. கீழே ஒரு சிமென்ட் பெஞ்சில் ஜட்ஜம்மா உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணைத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

"சொல்லு."

டைம்டேபிள் வாயைத் திறந்தாள். எப்படிச் சொல்வது அதை? எதற்கும் கட்டம் போடத் தெரிந்தவளுக்கு இதற்கு எங்கே கோடு இழுப்பதென்று தெரியவில்லை. பெஞ்சின் பின்னால் போய் நின்று, தன் இரண்டு கைகளையும் ஜட்ஜம்மாவின் தோள்களுக்கு மேலாக விட்டு, மார்புக்குக் குறுக்கே இறுக்கிப் பூட்டினாள்.

"இது கம்பி. கண்ணை மூடிக்கோ. நீ மூடலாம், உனக்காக நான் ஏற்கெனவே தொறந்துட்டேன்."

ஜட்ஜம்மா மூடிக்கொண்டாள். டைம்டேபிள் அவளை மெதுவாகப் பின்னால் சாய்த்தாள். காதருகே, டக், டக், டக் என்றாள். "ஏறுது. இப்ப உனக்கு வானம் மட்டும்தான் தெரியும். காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. மரமெல்லாம் கீர மாதிரி. சத்தமெல்லாம் தூரமாப் போயிடுச்சு. காத்து மட்டும் வருது, ஜில்லுனு. டக், டக். இன்னும் கொஞ்சம்தான். இங்க நிக்கும். நின்னுடுச்சு. மூச்சைப் பிடி."

ஜட்ஜம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது டைம்டேபிளின் முன்னங்கையில் தெரிந்தது.

"பிடிச்சுக்கிட்டியா?"

தலை ஆடியது.

அவளை அப்படியே முன்னால் சாய்த்துத் தள்ளினாள். ஜட்ஜம்மா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விசில் அக்கா வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். டைம்டேபிள் அவளை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள், மறுபடி மேலே தூக்கினாள். சிமென்ட் பெஞ்சின் மேல், முடி முகத்தில் விழ, கண்ணைத் திறக்காமல், ஜட்ஜம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக்கொண்டிருந்தாள்.