மதிலில் தொங்கியவள்

நுஸ்ஹா நாவல் எழுதினாள். ஊர் சிரித்தது. செத்தது நான்.

பதினெட்டு வயதில் ஒருத்தி புத்தகம் போட்டால் கல்முனை சும்மா இருக்குமா? வெளியீட்டு விழாவில் நிற்க இடமில்லை. முதற்பிரதி வாங்க என் வாப்பாவையே கூப்பிட்டிருந்தார்கள். ஹார்ட்வெயார் கடை கச்சிமுகம்மது ஹாஜியார். அவர் கடையில் ஆசையாக வாசிப்பது சிமெந்துப் பையில் இருக்கும் எழுத்தை மட்டும்தான்.

நயவுரை சொல்ல வந்த சேர் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசித்தார். றிப்கா என்றொரு பெண் டியூஷனைக் கட் பண்ணிவிட்டுக் கடற்கரைக்குப் போக மதில் ஏறுகிறாள். கறுப்பு அபாயா கம்பியில் மாட்டித் தொங்குகிறாள். "ஆரது மதில்ல?" என்று டியூஷன் சேர் உள்ளேயிருந்து கேட்க, "காகம், சேர்" என்கிறாள். மண்டபம் குலுங்கியது. வாப்பா கண்ணீர் வரச் சிரித்தார்.

அந்தக் காகம் நான்தான். பக்கத்து வீட்டுக்காரி, உயிர்த்தோழி என்று நம்பி அந்தப் பாவி நுஸ்ஹாவிடம் சொன்னேன். பெயரை மாற்றிவிட்டால் போதுமா? பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

"பெத்தவன் என்ன மடையனா?" என்றார் வாப்பா, வீடு வரும் வழியில். "என்ட புள்ளயா இருந்தா அண்டைக்கே கிளாஸ நிப்பாட்டி மாப்புள பாத்திரிப்பன்."

உயர்தரப் பரீட்சை வாசலில் நிற்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாளே வாட்ஸ்அப்பில் ஊர் றிப்காவைத் தேடத் தொடங்கியது. சாய்ந்தமருதில் ஒருத்தி, மருதமுனையில் ஒருத்தி என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். யா அல்லாஹ், என் பெயர் மட்டும் வந்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை வாப்பா நுஸ்ஹாவைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். உம்மா, அவள், நான் மூவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். கோபத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. வாப்பா சிரித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"மகள், உண்மையச் சொல்லுங்க. அந்தப் புள்ள ஆரு? ஊரெல்லாம் என்னட்டத்தான் கேக்குறானுகள்."

அவள் கை சோற்றிலேயே நின்றது. என் முழங்கால் அவள் முழங்காலில் பட்டது.

"நான்தான் மாமா."

வாப்பாவின் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"பஸ்லியா, இனி இவவோட ஒனக்கு ஒரு கதையும் வேணாம். வெளங்கினா?"

வாயைத் திற, திற என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன்.

நுஸ்ஹா கையைக் கழுவிக்கொண்டு போனாள். சஹனில் அவள் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.

"அந்த இறைச்சியையும் தின்னு மகள்," என்றார் வாப்பா. "நாளைக்குக் கிளாஸ் இரிக்கி."