மலிஸின் ஊர்

குன்றின்மேல் பிராமணர் பட்டாபிஷேக நீரைத் தலையில் ஊற்றியபோது கோங் கண்ணை மூடிக்கொண்டான். தனித்தனித் தலைவர்கள் ஆண்ட ஆற்றங்கரைகளுக்கெல்லாம் இனி அவன் ஒருவனே அரசன். கீழே கூட்டத்தில் அவன் அக்கா மலிஸ் நின்றிருந்தாள். அவனுடைய போருக்குப் படகும் நெல்லும் கொடுத்தவள் அவள். அந்தப் போரில்தான் அவள் கணவன் செத்தான்.

பிறகு கொடைகளை உரக்க அறிவித்தார்கள். ஏரிக்கரை ஊரும் வயலும் மீன்துறையும் வடக்குத் தலைவனுக்கு.

அது மலிஸின் ஊர். தாயிடமிருந்து மகளுக்கு என்று வழிவழியாக இறங்கி வந்த ஊர்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

"என் ஊர யாரக் கேட்டுடா குடுத்த?"

வேலோடு முன்னே வந்த காவலனைக் கோங் கையசைத்து நிறுத்தினான். "மெல்லப் பேசுக்கா. வடக்கான் சேரலைன்னா இந்தப் பட்டம் ஒரு மழைக்காலம் தாங்காது. அவன் கேட்டது அந்த ஏரியத்தான்."

"படகு கேட்டு வந்தப்ப என் கால்ல விழுந்து என்ன சொன்ன? ஊரு உனக்கும் உன் மகளுக்கும்தான்னு சொல்லல?"

"சொன்னேன். அப்ப நான் உனக்குத் தம்பி மட்டுந்தான்."

"சரி. ஜனங்களப் படகுல ஏத்திட்டுப் போறேன். வெறும் மண்ண அவன் கட்டிட்டு அழட்டும்."

"ரும்துல் வரமாட்டாக்கா."

அரசியின் பக்கத்தில் மலிஸின் மகள் ரும்துல் நின்றிருந்தாள். காதில் புதுப் பொன்.

"வடக்குத் தலைவர் மகனுக்கு என்னைப் பேசியிருக்காங்கம்மா. மாமா முன்னாடியே சொல்லிட்டாரு. ஊரு கடைசில எங்கிட்டதான வரப்போகுது? உங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டியேன்னுதான்..."

"தெனமும் என் பக்கத்துல உக்காந்துதானடி மீனுக்கு உப்புப் போட்ட?"

ரும்துல் அரசியின் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மலிஸோடு கிளம்பியவை நாலைந்து குடும்பங்கள்தான். மற்றவர்கள் விளைந்து நின்ற வயலைக் காட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் சதுப்பில் குடிசை போட்டாள்.

அறுவடை முடிந்ததும் ரும்துல் ஒரு படகு நெல் அனுப்பினாள். மலிஸ் அதை இறக்கிக்கொண்டாள். பசிக்குச் சோறும் ஆக்கினாள்.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களான்னு உங்க மக கேப்பாங்க" என்று படகுக்காரன் காத்து நின்றான்.

அவள் நெல் வந்த கூடைகளைக் கழுவி அவன் படகில் அடுக்கிவிட்டு உள்ளே போனாள்.