இரண்டு மிஷினும் வேண்டாம்

எங்கள் வீட்டுக்குத் தூசி உறிஞ்சும் மிஷின் வாங்கலாம் என்று முதலில் சொன்னது டாக்டர். எனக்கு நாலு வருஷமாக இருமல். மருந்து மாத்திரை எல்லாம் கொடுத்து அலுத்துப்போய், "நீங்க துடைப்பத்தைத் தொடவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். வீட்டை யார் கூட்டுவது? வேலைக்காரி செல்லத்தாய் தீபாவளி சீசன் வந்தால் வெடி சுற்றப் போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் கம்பெனிக்குத்தான் போகிறாள்.

அவர் சிவகாசியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். பெயருக்கு முதலாளி. வாணத்துக்குள் போகும் வெடிமருந்தை அவரேதான் கலப்பார். எது எவ்வளவு என்கிற கணக்கு வெளியே போய்விடக்கூடாதாம். இந்த ஊரில் பல முதலாளிகளும் அப்படித்தான். கலந்துவிட்டு, அதே வேட்டி சட்டையோடு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மெத்தையில் சாய்ந்துவிட்டுத்தான் திரும்பப் போவார்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், ஒரு மத்தியானம், லட்சுமிகாந்தம் என்ற விற்பனைக்காரர் மதுரையிலிருந்து இரண்டு மிஷின்களைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். ஒன்று பெரியது, சக்கரம் வைத்தது. இன்னொன்று சின்னது, தோளில் மாட்டிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரின் கண் பெரியதன் மேல். கம்பெனி வைத்திருப்பவர் வீட்டில் பெரிய மிஷின் இருந்தால்தானே மதிப்பு!

"அதைத் தூக்கி மாடிப்படி ஏற எனக்குச் சீவன் இல்லை. சின்னதே போதும்" என்றேன்.

"அம்மா சொல்றதும் சரிதான் சார்" என்று லட்சுமிகாந்தம் சின்னதைப் பிளக்கில் சொருகினார். "மெத்தையில போட்டுக் காட்டுறேன். ஜமுக்காளத்தைவிட மெத்தையிலதான் தூசி ஜாஸ்தி."

மிஷின் இரைந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குனியாமல் நிமிர்ந்து நின்றே ஒரு வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, முதுகு வலிக்காதவர்களுக்குத் தெரியாது.

பாதி மெத்தை முடிந்ததும் மிஷினை நிறுத்தி, உள்ளிருந்த துணிப்பையைக் கழற்றி ஒரு செய்தித்தாளில் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். பஞ்சும் அழுக்கும் கலந்த குவியல் முழுக்க வெள்ளியாக மின்னியது.

"எம்புட்டு எடுத்திருக்கு பார்த்தீங்களா சார்!"

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. அது வாணம் மின்னுவதற்காகக் கலக்கும் அலுமினியப் பொடி; பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அவர் சட்டையில் ஒட்டி வந்தது.

"மோட்டார்ல பொறி வருமா?"

"லேசா வரும் சார். எல்லா மோட்டார்லயும் உள்ளதுதானே."

அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அந்தப் பையையும் தாளையும் இரண்டு கையிலும் ஏந்திப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், மண்ணைத் தோண்டிப் புதைத்தார். மேலே இன்னும் இரண்டு வாளி மணல் கொட்டினார். வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தார்.

"ரெண்டும் வேண்டாம். எடுத்துட்டுப் போங்க. வீடே போயிருக்கும்."

நான் சுவரோரத்திலிருந்து எழுந்தேன். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"பையில கெடந்ததை மண்ணுல பொதைச்சிட்டீக. பதினோரு வருசமா அந்த மெத்தையிலதான் நானும் படுக்கேன். என் நெஞ்சுக்குள்ள கெடக்கிறதை எங்கன பொதைக்கப் போறீக?"

"ஆள் இருக்கையில என்ன பேச்சு இது?" என்றார். லட்சுமிகாந்தம் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வழக்கம்போல வந்தார். நான் வாசல் கதவைத் தாழ் போட்டிருந்தேன். பின்கட்டுக் கிணற்றடியில் சோப்பும் மாற்று வேட்டியும் வைத்திருந்தேன்.

"கதவைத் திற தங்கத்தாயி. ரோட்டுல போறவங்க பார்க்காங்க."

"கம்பெனித் துணியோட உள்ள வராதீக. கிணத்தடிக்குப் போயிக் குளிச்சிட்டு வாங்க."

"சீசன் முடியட்டுமே. ஆர்டர் அம்புட்டும் தலைக்கு மேல நிக்கி."

"அப்ப சீசன் முடியிற வரைக்கும் கம்பெனியிலயே படுத்துக்கோங்க."

கதவை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு பக்கச் சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போனார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சட்டையைக் கழற்றி உதறப் போனவர், உதறாமல் கல்லின் மேல் வைத்தார்.

அப்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. தினமும் வருகிற இருமல்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். வாளியைக் கிணற்றுக்குள் இறக்கப் போனவர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அது அடங்கும் வரைக்கும் நின்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.