நெல்லுக்கு வைத்த கல்

காலையிலிருந்து பிரகதாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு வாசலை ஒட்டிய தார் ரோட்டில் பாதியை அடைத்துக் குறுவை நெல்லைப் பரப்பியிருந்தாள். டயர் ஏறாமலிருக்க விளிம்பெல்லாம் கருங்கல் வைத்திருந்தாள். பஸ் வந்தால் சிவப்புத் துண்டை வீசினாள், பைக் வந்தால் கத்தினாள், ஒன்றும் வராத நேரத்தில் வானத்தைப் பார்த்தாள்.

பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே வயலெல்லாம் மனையாகி, மூச்சுவிடாமல் வண்டி ஓடுகிற ரோடு அது. இதில் நெல் காயக் கூடாது என்று ஊரைக் கூட்டி மறியல் செய்தவளே இவள்தான். போன வருஷம் அவள் புருஷன் சிவசாமி இருட்டில் வண்டியில் வரும்போது, நெல்லை அள்ளியவர்கள் எடுக்காமல் விட்டுப்போன கல்லில் ஏறிச் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோயிற்று.

அன்று அங்கே நெல் காயப்போட்டவர் எதிர்வீட்டுத் தியாகராசன். ஊருக்கே தெரியும். போலீஸ் கேட்டபோது மட்டும், "அது என் கல்லு இல்லைங்க" என்று மனுஷன் ஒரே போடாகப் போட்டுவிட்டார். கல்லில் பெயரா எழுதியிருக்கிறது? மறந்ததைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறியல் வீண்போகவில்லை. வளைவில் வேகத்தடை வந்தது, வெள்ளைக்கோடு வந்தது. நெல் காயவைக்கத் தனியாக ஒரு களம் கேட்டாளே, அது மட்டும் வரவில்லை. அதற்குப் பார்த்த இடம் கோயில் நிலம். குத்தகைக்காரன் ஒரு கட்சி, மனை போட்டு விற்கப் பார்த்தவன் இன்னொரு கட்சி, வழக்கு கோர்ட்டில் தூங்குகிறது. ஆட்சி மாறியது, கொடி மாறியது, அந்த இடத்தில் கருவை முள் மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் காயணும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குவியலில் நெல் சூடேறி முளைகட்டப் பார்த்தது. ஒரு போகத்து உழைப்பை வாய்க்காலில் கொட்டவா முடியும்? வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். யாருக்கும் ஒரு கீறல் விழாமல் அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனசில்.

காலால் கிளறிக்கொண்டே போனாள். ஸ்கூட்டரில் வந்த பெண் வேகத்தைக் குறைத்து, "மறியல் பண்ணின அக்காதானே நீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். பிரகதாம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பொழுது சாயும்போது மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. அவளும் நாத்தனார் காத்தாயியும் விழுந்தடித்து நெல்லைக் கூட்டி அள்ளினார்கள். மூட்டைகளை இழுத்து வீட்டுக்குள் போட்டு, வாயைக் கட்டி, "அப்பாடா, தப்பிச்சோம்" என்று காத்தாயி சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. ஏதோ விழுந்தது.

"ஐயோ, கல்லு!" பிரகதாம்பாள் ஓடினாள்.

பைக் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாலிபன் சிராய்த்த கையை உதறிக்கொண்டு எழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. "எவன் இங்க கல்லை வச்சது?" என்று கத்தினான்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்து நின்றது. அவளுக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

"நாந்தான் வச்சேன் தம்பி. அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்."

அவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். முந்தானையைக் கிழித்துக் கையில் கட்டிவிட்டாள், வண்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் போன பிறகுதான் எதிர்வாசலில் தியாகராசன் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தாள். நடந்ததெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! அந்தக் கல்லைத் தூக்குங்கண்ணே, அடுத்த வண்டி வந்துடும்."

போலீஸ் வந்துபோன அன்றைக்குப் பிறகு தியாகராசனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் இறங்கி வந்து கல்லைத் தூக்கினார். தூக்கியவர் நகரவில்லை.

"அன்னைக்குக் கிடந்ததும் என் கல்லுதாம்மா."

இத்தனை நாள் கேட்கத் தவித்த பேச்சு. கேட்டதும் ஆறுதல் வரவில்லை. புருஷன் மறுபடியும் ஒருமுறை கண்ணெதிரே விழுந்ததுபோல் இருந்தது. அழுதாள், அழுதுகொண்டே இன்னொரு கல்லை உருட்டி ஓரத்தில் தள்ளினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே? ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

தியாகராசன் கையிலிருந்த கல்லை ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் திரும்பியது.

"வர்றேன்" என்றார்.