முழங்கை வளைவு

திரைச்சீலை வெட்டுற பெரிய மேஜை மேல தராசு. தராசு மேல என்னோட பல் பிரஷ். பக்கத்துல டெய்லர், கையில கத்தரிக்கோலோட.

"கைப்பிடியைப் பாதியா வெட்டிடவா?"

"தொட்டுப் பாரு, உன் கையை ஒடிச்சிடுறேன்."

"நாளைக்கு மலை ஏறும்போது இந்தப் பிரஷ்கூட கனக்கும், சிஸ்டர். அப்ப என்கிட்ட வந்து புலம்பாதே."

எனக்கு அவ டெய்லர், அவளுக்கு நான் சிஸ்டர். நான் நர்ஸே கிடையாது. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துடைச்சு, நீராவியில வேகவைக்கிற பிரிவுல வேலை. ஆயிரம் தடவை சொல்லியாச்சு. வெள்ளைக் கோட்டு போட்டவங்க எல்லாரும் அவளுக்கு சிஸ்டர்தான்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். சைக்கிள்ல பையைக் கட்டிக்கிட்டு, ரோடே இல்லாத மலைக்குள்ள ஏறி, மேலேயே கூடாரம் போட்டுத் தூங்கிட்டு, மறுநாள் அந்தப் பக்கமா இறங்கி வீடு வந்து சேர்றது. "காசு குடுத்தாலும் யாரும் செய்யாத வேலையை லீவு போட்டு செய்றீங்க"ன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார். பைகளையெல்லாம் டெய்லரே தைப்பா. அவளோட திரைச்சீலைக் கடையில மிஞ்சின துணியில தைக்கிறதால, என் சீட்டுக்குப் பின்னாடி தொங்குற பைக்குள்ள பார்த்தா ஊதாப் பூவா பூத்துக் கிடக்கும்.

போன வருஷம் அப்படித்தான் ஒரு மலை முகட்டுல தங்கிட்டு அந்தப் பக்கம் இறங்கினோம். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பாறை. பாறையைத் தாண்டினதும் பாதை மடக்கின முழங்கை மாதிரி சடார்னு திரும்பும். அங்க டெய்லர் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா. சைக்கிள் நின்னுடுச்சு, இவ நிக்கலை. ஹேண்டில்பாருக்கு மேல பறந்து போய் விழுந்ததுல தோள்பட்டை எலும்பு ரெண்டாச்சு.

எலும்பு கூடிடுச்சு. தைரியம் கூடலை. ஏத்தம்னா இன்னிக்கும் அவளை யாரும் பிடிக்க முடியாது. இறக்கம் வந்தா போச்சு, இறங்கித் தள்ள ஆரம்பிச்சிடுவா. அதுக்கப்புறம் அதே மலைக்கு மறுபடி போனப்பவும் அந்த வளைவை நடந்துதான் இறங்கினா. காட்டுப் பாதையை விடுங்க, எங்க தெரு முனையில இருக்கிற மேம்பாலத்துலகூட தள்ளிக்கிட்டுத்தான் இறங்குவா. அவ வீட்டுல யாருக்கும் இது தெரியாது. ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாம் "ஆனைக்கும் அடி சறுக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. "ஆனை என்ன சைக்கிளா ஓட்டுது?"ன்னு அவங்க போனப்புறம் என்கிட்ட கேட்டா.

தராசுல இருந்து என் பிரஷை எடுத்து முழுசாவே பையில போட்டா. என் முகத்தைப் பார்க்காம சொன்னா.

"நாத்தனார் பொண்ணு என் சைக்கிளைக் கேட்டுட்டே இருக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர்றா."

"வரட்டும். அதுக்கென்ன?"

"இந்தத் தடவையும் அந்த வளைவை நடந்து இறங்கினேன்னா, குடுத்துடப் போறேன். தள்ளிக்கிட்டே போறதுக்கு எதுக்கு சைக்கிள்? ஒரு தள்ளுவண்டி வாங்கினா காய்கறியாவது விக்கலாம்."

எனக்குச் சுருக்குன்னுது. இவ வரலைன்னா நான் யாரோட போறது? இத்தனை வயசுல புதுசா ஒரு சிநேகிதியை எந்தக் கடையில போய் வாங்குறது? இதைச் சொல்ல வாய் வரலை. கோபம் மட்டும் வந்தது.

"வாயை மூடிட்டு பையைக் கட்டு"ன்னேன்.

கோபத்துல நானும் என் பையைக் கலைச்சுக் கட்டினேன். உபரி பிரேக் கட்டையை வெளியே எடுத்துப் போட்டேன். போன தடவை கல்லுல தலை வெச்சுத் தூங்கினது ஞாபகம் வந்து, அந்த இடத்துல ஒரு சின்னத் தலையணையைத் திணிச்சேன்.

சனிக்கிழமை ஏறினோம். ஏறினோம்னு சொன்னா மரியாதையா இருக்கு, எனக்கு நுரை தள்ளிடுச்சு. உருளுற கல்லு, அதைத் தாண்டினா முள்ளு, அதைத் தாண்டினா ஓடை. ஓடையில ஷூவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு சைக்கிளைத் தோள்ல தூக்கினோம். அந்தப் பக்கம் ஏறினதும் செங்குத்தா ஒரு மண்பாதை. டெய்லர் சீட்டை விட்டு எழும்பாம அதுல ஏறிப் போய், மேல நின்னு விசில் அடிச்சா. நான் வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போனேன்.

முகட்டுக்குப் போகும்போது மழை பிடிச்சுக்கிச்சு. கூடாரத்தை அடிச்சு, அதுக்குள்ள உக்காந்து, நூடுல்ஸ் வேகவெச்சு, ஒரே பாத்திரத்துல இருந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம். வழக்கமா இந்த நேரத்துல அவளோட வாய் ஓயாது. கடைக்கு வந்த அம்மா ஜன்னலை அளக்காம சோபாவை அளந்துட்டு வந்த கதையெல்லாம் வரும். அன்னிக்கு வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"நாளைக்கு மண்ணு வழுக்குமோ?"ன்னா.

"வழுக்கினா வழுக்கட்டும். படு."

நான் தலையணையை வெச்சுப் படுத்தேன். அவ எப்பத் தூங்கினான்னு எனக்குத் தெரியாது.

விடிஞ்சதும் வானம் பளிச்சுன்னு இருந்தது. என் சைக்கிள்தான் சேத்துல புரண்ட எருமையா நின்னுச்சு. எனக்கு ஒரு வியாதி உண்டு. அழுக்கைப் பார்த்தா கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரியில ஒரு இடுக்கியில ஒரு பொட்டு கறை தெரிஞ்சாலும், அந்தத் தட்டையே திரும்ப அனுப்புற ஆளு நான். டெய்லர் கூடாரத்தை மடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் வண்டியை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புற கருவியா மாத்திட்டேன். செயினைத் துடைச்சேன், கம்பியைத் துடைச்சேன். சக்கரத்துக்கு நடுவுல வட்டமா இருக்கும் பாருங்க, பிரேக் தட்டு, அது ரெண்டையும் முகம் தெரியுற அளவுக்குத் துடைச்சேன். அடுத்து அவளோட சைக்கிள்கிட்ட போனேன்.

"நில்லு! எந்தத் துணி அது?"

துணியைப் பார்த்தேன். எங்கிட்ட ரெண்டு துணி. ஒண்ணு ஈரம் துடைக்க, இன்னொண்ணு செயினுக்கு எண்ணெய் போட. சேத்துல ரெண்டும் ஒரே கறுப்பு. மோந்து பார்த்தேன். எண்ணெய்.

பிரேக் தட்டுல எண்ணெய் படக்கூடாதுன்னு சைக்கிள் வெச்சிருக்கிற பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஏறி உக்காந்து நாலடி உருட்டிப் பார்த்தேன். பிரேக்கைப் பிடிச்சா, "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டு வண்டி போய்க்கிட்டே இருந்தது. புதருக்குள்ள போய்த்தான் நின்னேன். முதலுதவிப் பையில இருந்த ஸ்பிரிட்டை எடுத்துத் தட்டைக் கழுவினேன். தட்டு சுத்தமாச்சு, ஆனா அதைப் பிடிக்கிற கட்டைங்க எண்ணெயை முழுசா குடிச்சிருந்தது. அவளோட கட்டை என் பிரேக்குக்குப் பொருந்தாது. உபரிக் கட்டை எங்க?

"தலையணை கொண்டு வந்திருக்கேன்"னேன்.

டெய்லர் தரையில உக்காந்து சிரிச்சா. சிரிப்பு நின்னதும் ஒரு பெருமூச்சு விட்டா. அந்த மூச்சு எனக்குப் புரிஞ்சது. பழம் நழுவிப் பால்ல விழுந்த கதைதானே இது! என் வண்டியில பிரேக் இல்லை, நான் நடந்துதான் ஆகணும். துணைக்கு அவ நடந்தா யாரு குறை சொல்ல முடியும்? தோத்ததாவும் ஆகாது, சைக்கிளும் கையை விட்டுப் போகாது.

"ரெண்டு பேருமே நடந்து இறங்குவோம் டீ. தப்பு என்மேல. இந்தத் தடவை கணக்குல வராது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்."

நிஜமாவே எனக்கு சந்தோஷமா இருந்தது. நான் பண்ணின கூத்துல ஒரு நல்லது நடந்துச்சேன்னு.

அவ எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு, ஹெல்மெட் வாரை மாட்டினா. ரெண்டு தடவை நழுவி, மூணாவது தடவைதான் அது மாட்டுச்சு.

"நீ நடந்து வா, சிஸ்டர்."

"என்னது?"

"உன் பிரேக்தானே போச்சு? என்னுது நல்லாத்தானே இருக்கு."

"ஏய், தனியாவா? இரு, நான் முன்னாடி போய்ப் பார்த்து..."

"இதான். இதேதான்! ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடி இருந்து 'பார்த்து, பார்த்து'ங்கிறே. அதைக் கேட்டாலே என் கை பிரேக்குக்குப் போயிடுது. இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இரு."

வெள்ளிக்கிழமை நான் சொன்னதை அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஏறி உக்காந்து போயிட்டா. முதல் திருப்பத்துல அவளோட மஞ்சள் பை ஒரு ஆட்டம் ஆடிச்சு, அப்புறம் காணோம்.

நான் நடந்தேன். முதல்ல எனக்கு ரோஷம்தான் வந்தது. நான் கத்துறதுனாலதான் இவ பயப்படுறாளாம்! எலும்பு உடைஞ்சு கிடந்தப்போ யாரு தூக்கிட்டு வந்தது? கொஞ்ச தூரம் போனதும் ரோஷம் போய் பயம் வந்துடுச்சு. ஈர மண்ணுல அவ சக்கரம் போன தடம் தெளிவா தெரிஞ்சது, அதையே பார்த்துக்கிட்டுப் போனேன். மேல எல்லாம் தடம் நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. ஒரு இடத்துல பின் சக்கரம் இழுத்துக்கிட்டே வந்த கோடு. இன்னொரு இடத்துல ஒரு கால் ஊணின பள்ளம், உடனே மறுபடி சக்கரம். அப்புறம் போகப் போக கோடு நேராச்சு. வேர் குறுக்கே வந்த இடத்துல தடமே இல்லை, ஒரு முழம் தள்ளித்தான் ஆரம்பிச்சது. அடி ராட்சசி, குதிச்சிருக்கா! யாருமே இல்லாத மலையில நான் "ஆஹா"ன்னு கத்தினேன்.

பாறை வந்தது. பாறையைத் தாண்டினா அந்த வளைவு. வளைவு முழுக்க ஷூ தடம்.

இறங்கிட்டா. இவ்வளவு தூரம் வந்துட்டு, இங்க இறங்கித் தள்ளிட்டா. என் கண்ணு கலங்கிடுச்சு. பரவாயில்லை, மிச்சத்தையெல்லாம் ஓட்டிட்டாளே, ஒரு வளைவு என்ன பெரிய வளைவுன்னு சொல்லணும்னு மனசுக்குள்ள வசனம் தயார் பண்ணினேன். நாத்தனார் பொண்ணுகிட்ட நானே போய்ப் பேசுறதுன்னு முடிவு பண்ணினேன். மூக்கைத் துடைச்சுக்கிட்டு குனிஞ்சு பார்த்தேன்.

ஷூவோட நுனி மலை உச்சியைப் பார்த்து இருந்தது.

நடந்து இறங்கினவளுக்கு நுனி கீழ பார்த்துல்ல இருக்கணும்? இவ எதுக்குத் திரும்ப மேல ஏறினா? எதையாவது தவற விட்டுட்டாளா, விழுந்து அடி பட்டு என்னைத் தேடி வந்தாளா, அப்படின்னா நான் வழியில பார்த்திருப்பேனேன்னு தலைக்குள்ள என்னென்னமோ ஓடிச்சு. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, மீதி இறக்கத்துல விழுந்தடிச்சு ஓடினேன்.

அடிவாரத்துல தார் ரோடு ஓரமா சைக்கிள் நின்னுச்சு, மஞ்சள் பையோட. பக்கத்துல மதகு மேல அவ. முழங்கால் வரைக்கும் சேறு. போன்ல பேசிட்டு இருந்தா.

"அண்ணி, சாயங்காலம் பொண்ணை வரச் சொல்லுங்க, ஆனா சைக்கிள் தர்றதா இல்லை. ... இல்ல, உடையலை. ... ரிப்பேரும் இல்லை. எனக்கு வேணும், அண்ணி. அது என்னுது."

போனை வெச்சுட்டு என்னைப் பார்த்தா. முகம் முழுக்கப் பல்லு. எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, கட்டிப்பிடிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியலை.

"வளைவை ஓட்டிட்டே வந்தியா?"

"ஓட்டிட்டே வந்தேன்."

"பொய் சொல்லாதே! அங்க பூரா உன் கால் தடம். மேல எதுக்கு டீ ஏறினே?"

சிரிப்பு கொஞ்சம் அசடு வழிஞ்சது. ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டா.

"முதல் தடவை அந்த வளைவுல கண்ணை மூடிட்டேன், சிஸ்டர். திறந்து பார்த்தா இந்தப் பக்கம் இருக்கேன். அதை எப்படி இறங்கினேன்னு சொல்லிக்கிறது? அதான் திரும்ப மேல தள்ளிட்டுப் போய், கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு இறங்கினேன்."