செவலையின் பக்கத்தில் ஒரு சிவப்பு இணைப்பு

குறிக்கம்பி தீயில் பழுக்கத் தொடங்கியிருந்தது.

கனகராயன்குளத்துக்குக் கிழக்கே அறுவடை முடிந்த வயல்வெளி. மழைக்கால நெற்செய்கையான காலபோகம் முழுக்கக் காட்டுக்கரையில் நின்ற மாடுகள் திரும்பிவிட்டன. பலருடைய மாடுகள் ஒரே பட்டியாகப் போயிருந்தன. இன்றைக்குப் பட்டி பிரிக்கிற நாள். காட்டில் பிறந்த கன்றுகளுக்குக் குறி சுடுகிற நாளும் இதுதான். கன்று எந்தப் பசுவிடம் பால் குடிக்கிறதோ, அந்தப் பசுவின் சொந்தக்காரருடைய குறி அதன் தொடையில் ஏறும். பட்டிக்காரர் வீரபாகுவின் சட்டம் அது. சுட்டால் சுட்டதுதான், பிறகு யாரும் வழக்குப் பேச முடியாது.

வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் வீரபாகுவின் மகள் சுதாஜினி, மடியில் கணினி.

"என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையோ உன்ர கோலம்?"

"பத்து நிமிசம் பொறுங்கோ அப்பா."

"தீ பொறுக்காது."

சுதாஜினியிடம் ஒரு விக்கி இருந்தது. இணைப்புகளால் கோத்த பக்கங்களோடு, அவளுக்கு மட்டுமேயான ஒரு குட்டி விக்கிப்பீடியா. பட்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் அதில் ஒரு பக்கம். பசுவின் பக்கத்தைத் திறந்தால், அதன் பால் குடிக்கும் கன்றுகளுக்கு இணைப்புகள் வரும். தொல்லை என்னவென்றால், எல்லா இணைப்புகளும் ஒரே நீலம், ஒரே அடிக்கோடு. கன்று யாருடையது என்று அறிய ஒவ்வொன்றாகத் தட்டித் திறக்க வேண்டும். மாடு கத்த, ஆள் கத்த, அதற்கெல்லாம் எங்கே நேரம்?

அதனால்தான் இணைப்புகளின் தோற்றத்தையே மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் சொந்தக்காரரின் குறி படமாக நிற்க வேண்டும். பசு ஒருவருடையது, கன்று வேறொருவருடையது என்றால் இணைப்பு சிவப்பாக வேண்டும்.

விசையைத் தட்டினாள். பட்டி முழுவதும் சிவப்பானது.

பின்னால் எட்டிப் பார்த்த வீரபாகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப பட்டி முழுக்கக் களவு மாடோ? பொலிஸைக் கூப்பிடட்டே?"

அவள் உதட்டைக் கடித்தாள். எங்கே பிழை?

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நெளுக்குளம் சிவராசா. பட்டியில் பாதி மாடு அவருடையது. இறங்கும்போதே குரல் வந்தது.

"எங்க என்ர செவலை? ரெட்டை போட்ட ராசாத்தி எங்க?"

செவலைப் பசுவின் மடியில் இந்தப் பக்கம் ஒரு கன்று, அந்தப் பக்கம் ஒரு கன்று. பசு இரட்டை போடுவது லேசில் நடக்கிற காரியமல்ல. ஒரு மாதமாக வவுனியாவில் சிவராசாவுக்கு அதுதான் கதை.

கம்பி வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். கைருன்னிஸா. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, தனியாளாய் ஒரு பசுவை வைத்துத் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றியவள். அந்த ஒற்றைப் பசுவும் காட்டில் கன்று போடும்போது செத்துப்போனது. கன்றும் போய்விட்டதென்றுதான் அவளுக்குச் சொன்னார்கள். பசுவின் கழுத்து மணியை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, வெயில்," என்றாள் சுதாஜினி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நீ வேலையைப் பார் மகள். நான் மணியோட போறன்."

சட்டென்று சுதாஜினிக்குப் பிழை பிடிபட்டது. எல்லாப் பசுக்களின் பக்கத்திலும் முதல் பெயராகப் பட்டிக்காரர் வீரபாகுவின் பெயர் இருக்கிறது. அவள் எழுதிய விதி அவரையே எல்லாப் பசுவுக்கும் சொந்தக்காரராக எடுத்துக்கொண்டுவிட்டது! அவர் பெயரைத் தள்ளி, சொந்தக்காரர் என்று போட்ட இடத்தைப் பார்க்கும்படி விதியைத் திருத்தினாள். மறுபடி தட்டினாள்.

சிவப்பு மளமளவென்று வடிந்தது. பக்கம் பக்கமாக நீலம். ஒவ்வொரு நீலத்துக்கும் முன்னால் குட்டியாய் ஒரு குறி. பார்க்கவே அழகாக இருந்தது.

செவலையின் பக்கம் வந்தது. இரண்டு இணைப்புகள். முதலாவது நீலம், சிவராசாவின் இரட்டைக்கோட்டுக் குறி.

இரண்டாவது சிவப்பு. முன்னால் ஒரு குடைக் குறி.

குடை, கைருன்னிஸாவின் குறி.

சுதாஜினி நிமிர்ந்தாள். அங்கே அந்த இரண்டாவது கன்றை மடக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள். வீரபாகுவின் கையில் இரட்டைக்கோட்டுக் கம்பி, செக்கச்செவேலென்று.

"அப்பா! நிப்பாட்டுங்கோ!"

கம்பி தொடைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"அது சிவராசாண்ணையின்ர இல்லை. கைருன்னிஸா அக்கான்ர கண்டு!"

சிவராசாவின் முகம் கறுத்தது.

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? என்ர பசு போட்ட ரெட்டை. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"கொம்பியூட்டரில நீ சிவப்பும் அடிப்பாய், பச்சையும் அடிப்பாய். அதுக்கு நான் கண்டைக் குடுக்கோணுமோ?"

நியாயமான கேள்விதான். சுதாஜினி அந்தச் சிவப்பு இணைப்பைத் தட்டினாள். 'மழைக்கண்டு' என்று ஒரு பக்கம் திறந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் கைருன்னிஸாவின் பெயர். காட்டில் மாடு பார்த்த நிருஷன் எழுதியது. கட்டாருக்குப் பறக்கும் அவசரத்தில் தன் படங்களையும் குறிப்புகளையும் மொத்தமாக அவளுக்கு அனுப்பிவிட்டுப் போனவன். அவளும் மொத்தமாகவே விக்கிக்குள் இறக்கினாள். வாசிக்கவில்லை. எல்லாம் ஒரே நீலமாய்க் கிடந்ததில் இதுவும் ஒன்றாய்க் கிடந்திருக்கிறது.

கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிவராசாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மழைச் சேறு. செத்துக் கிடக்கும் பசு. அதன் தொடையில் தெளிவாய்க் குடைக் குறி. பக்கத்தில் ஈரம் காயாத கன்று, மல்லாந்து. அதன் அடிவயிற்றில் உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டு. படத்துக்குக் கீழே நிருஷனின் வரி: 'தாய் செத்துப்போச்சுது. கண்டைச் செவலையிட்டப் பால் குடிக்கப் பழக்கிப்போட்டன்.'

"இது வேற கண்டாயும் இருக்கலாம்," என்றார் சிவராசா. குரலில் பழைய வேகம் இல்லை.

"பிரட்டுங்கோ," என்றார் வீரபாகு.

கன்றைப் பிரட்டினார்கள். அடிவயிற்றில் அதே இடத்தில், அதே வளைவோடு வெள்ளைத் திட்டு.

"அல்லாஹ்!" என்றாள் கைருன்னிஸா. வேலிக் கம்பிக்குள்ளால் குனிந்து வந்தவளின் முந்தானை முள்ளில் கிழிந்ததை அவள் கவனிக்கவேயில்லை.

வீரபாகு இரட்டைக்கோட்டுக் கம்பியைத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்று புகை. கம்பிக் கட்டின் அடியிலிருந்து குடைக் கம்பியை உருவித் தீயில் செருகினார்.

சிவராசா கணினியின் பக்கம் நகர்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அந்தச் சிவப்பு... வேற எங்கையும் கிடக்கோ?"

சுதாஜினி தேடினாள். ஒன்று கிடந்தது. அப்புத்துரையின் பசுவுடைய பக்கத்தில், இரட்டைக்கோட்டுக் குறியோடு.

"உங்கட ஆண் கண்டு, நாம்பன் ஒண்டு அப்புத்துரையண்ணையின்ர பசுவில குடிச்சுக்கொண்டு திரியுது."

"எடேய்!" சிவராசா துள்ளினார். "அப்ப உந்தக் கொம்பியூட்டர் சொல்லுறது சரிதான்!"

வயல்வெளி முழுக்கச் சிரித்தது. அவரும்தான்.

குடைக் கம்பி பழுத்தது. வீரபாகு எடுக்கப் போனார்.

"நான் சுடுறன்," என்றாள் கைருன்னிஸா. பிஸ்மில்லாஹ் சொன்னாள். ஒரே அழுத்து. கன்று கத்திக்கொண்டு எழுந்து நேரே செவலையின் மடிக்கு ஓடியது.

"அண்ணை," என்று சிவராசாவைப் பார்த்தாள். "கண்டு பால் மறக்கிற வரைக்கும் செவலையும் அதின்ர கண்டும் என்னோட நிக்கட்டும். உங்கட வீடும் என்ர வீடும் ஒரே ஒழுங்கைதானே. பின்னேரப் பாலை நானே கறந்து உங்கட வீட்டை கொண்டு வாறன்."

"ரெட்டையும் போச்சு, இப்ப பசுவையும் கேக்கிறா!" சிவராசா தலையில் கை வைத்தார். "கொண்டு போங்கோ. கண்டு மெலிஞ்சுதெண்டால் உங்களோட கதைக்கவே மாட்டன்."

செவலையையும் இரண்டு கன்றுகளையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார்கள். கைருன்னிஸாவும் ஏறி, தன் கன்றின் கழுத்தை அணைத்தபடி தொலைபேசியை எடுத்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"தேத்தண்ணிக் கடையோ? நான் கைருன்னிஸா. ஓம், பால்காரி கைருன்னிஸாதான்! என்ர இடத்தை ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ. பசுக்கண்டு ஒண்டு, நாகு, வளருது... என்ன? இல்லையில்லை, பால் நாளைக்கில்லை. அது கறவைக்கு வரக் கொஞ்சம் கனகாலம்தான்!"