ரெண்டு விரல் இடைவெளி

மேஸ்திரிக்கு ரெண்டு விஷயம் சுத்தமா ஆகாது. ஒண்ணு, ஆறிப்போன டீ. இன்னொண்ணு, அரைகுறையா விட்ட வேலை. டீ ஆறினா கீழ ஊத்திடுவாரு. அரைகுறை வேலையைப் பார்த்தா, அது யார் வீட்டு வேலையா இருந்தாலும் கை நமநமன்னு அரிக்கும். தங்கச்சி வீட்டுல அவரு மாட்டிக்கிட்டதே இந்த அரிப்பாலதான்.

தங்கச்சி வெல்டிங் பட்டறை வச்சிருக்கா. கேட்டு, ஜன்னல் கம்பின்னு ஆரம்பிச்சவ, இப்ப கிடங்கு, கொட்டகைன்னு பெரிய பெரிய இரும்புச் சட்டமெல்லாம் செஞ்சு நிறுத்துறா. அவ தனக்குன்னு வீடு கட்டணும்னு வந்து நின்னப்ப மேஸ்திரி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "செங்கல் எத்தனை லோடு சொல்லட்டும்?"னு கேட்டாரு.

"செங்கல் அப்புறம்ணே. மொதல்ல இரும்பு."

தூணும் இரும்பு, உத்தரமும் இரும்பு. எலும்புக்கூடு மாதிரி முழுசா நிறுத்தி, கூரையைப் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் சுவரே. மேஸ்திரிக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

"அண்ணன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீ தகர டப்பாவுல குடியிருக்கப் போறியா?"

"டப்பா இல்லண்ணே. நடுவுல தூணே இல்லாத கூடம் வேணும் எனக்கு. உன் மாப்பிள்ளை நெத்தியைப் பாரு ஒரு தடவை."

மாப்பிள்ளை பஸ் டிரைவர். இத்தனை வருஷத்துல ரோட்டுல ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனுஷன். ஆனா வாடகை வீட்டுக் கூடத்துக்கு நடுவுல நிக்கிற தூணை மட்டும் வாரம் தவறாம போயி முட்டுவாரு. அன்னிக்கும் நெத்தியில புதுசா ஒண்ணு புடைச்சிருந்துச்சு. "அது என்னைப் பார்த்து வருது மச்சான்"னாரு பாவமா.

"அஸ்திவாரம் உன் கைதாண்ணே. அதுல வேற யாரையும் விடமாட்டேன்"னு தங்கச்சி சொன்னதும்தான் மேஸ்திரி கொஞ்சம் இறங்கி வந்தாரு.

வேலை இதுதான். ஆறு இடத்துல ஆழமா தோண்டி, காங்கிரீட்டுல ஆறு பீடம் எழுப்பணும். ஒவ்வொரு பீடத்து தலையிலயும் நாலு பெரிய போல்ட்டு, நட்டு ஏறுற மரை தெரிய நட்டமா நிக்கணும். இரும்புத் தூணோட அடித்தகடு அந்த நாலு போல்ட்டுல போயி உக்காரும். தங்கச்சி மதில் சுவத்துல கோடு கிழிச்சுக் காட்டினா. "இந்தக் கோட்டுக்கு ரெண்டு விரல் கீழயே நிறுத்திடுண்ணே. மேல பூச வேணாம். சொரசொரன்னு அப்படியே கிடக்கட்டும்." சொல்லிட்டு, தூண் உத்தரமெல்லாம் செய்யணும்னு பட்டறைக்குப் போயிட்டா.

மேஸ்திரி சொன்னபடியேதான் செஞ்சாரு. போல்ட்டு ஒண்ணுகூட மயிரிழை சாயல. ஆனா தினமும் வந்து பீடத்துக்குத் தண்ணி ஊத்துறப்பெல்லாம், கோட்டுக்குக் கீழ சொரசொரன்னு, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆறும் அவரையே பார்த்துச்சு. அதைக்கூட பொறுத்துக்கிட்டிருப்பாரு. எதிர் வீட்டு டெய்லருதான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இல்லாம, "என்ன மேஸ்திரி, கலவை தீர்ந்துபோச்சா?"ன்னு கேட்டுட்டாரு.

அவ்வளவுதான். அன்னிக்கே மேஸ்திரி கலவையைக் குழைச்சு, கோடு வரைக்கும் ஏத்தி, மட்டப்பலகை போட்டு இழுத்து, மேல சிமெண்டுப் பால் விட்டுத் தேய்ச்சு, ஆறு பீடத்தையும் கண்ணாடி ஆக்கிட்டாரு. டெய்லரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டினாரு. "மூஞ்சியைப் பாருய்யா, தெரியுதா?" டெய்லரு குனிஞ்சு பார்த்து முடியைச் சரி பண்ணிக்கிட்டாரு.

கிரேன் வர்ற நாளும் வந்துச்சு. அந்த ஒரு நாளை விட்டா வேற நாளே இல்ல. மறுநாளே தெருவுல சாக்கடைக்குப் பள்ளம் தோண்டப் போறாங்க. தோண்டினா கிரேன் உள்ள வராது, அதை மூடி ரோடு போடுற வரைக்கும் இரும்பு அத்தனையும் மண்ணுலதான் கிடக்கணும். தங்கச்சி வாடகை வீட்டைக் காலி பண்றதாச் சொல்லி, வீட்டு ஓனரு வேற ஆளும் பார்த்து வச்சுட்டாரு.

காலையில கிரேன் தெருவை அடைச்சிக்கிட்டு வந்து நின்னுச்சு. ஓட்டுறவனுக்குக் கழுத்து நீளம், எல்லாரும் கொக்குன்னுதான் கூப்பிடுவாங்க. பின்னாடியே லாரியில தூணும் உத்தரமும். தங்கச்சி ஹெல்மெட்டும் இடுப்புல பெல்ட்டுமா குதிச்சு இறங்கி, நேரா மொத பீடத்துக்கிட்ட போனா. மேஸ்திரி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, பாராட்டை வாங்கிக்கத் தயாரா நின்னாரு.

தங்கச்சி குனிஞ்சு போல்ட்டைப் பார்த்தா. பையிலேருந்து ஒரு நட்டை எடுத்து போல்ட்டுல திருகினா. நாலு சுத்துலயே அது கலவையில போயி இடிச்சு நின்னுச்சு. அதுக்கு மேல தகடு, அதுக்கு மேல இன்னொரு நட்டு வைக்கணும். வைக்க மரை மிச்சம் இல்ல. அவ அடுத்த பீடத்துக்குப் போனா. அதுக்கடுத்ததுக்கு. ஆறையும் சுத்தி வந்து அண்ணன் முன்னாடி நின்னா.

"பூசினியா?"

"பூசினேன். பார்க்க நல்லா இல்லம்மா, அதான்..."

அவ கத்தியிருந்தாகூட மேஸ்திரிக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். அவ கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்தா. அப்புறம் குனிஞ்சு, கையையே தகடாட்டம் விரிச்சுக் காட்டினா. "தகடு பீடத்து மேல உக்காராதுண்ணே. கீழ நாலு நட்டு தாங்கும், மேல நாலு நட்டு புடிக்கும். தூண் சாஞ்சா கீழ் நட்டைத் திருகித்தான் நிமித்தணும். அந்த நட்டுக்குத்தான் ரெண்டு விரல் இடம் கேட்டேன். எல்லாம் நிமிந்த பிறகு நீதான் அதை அடைச்சுக் குடுக்கணும்னு இருந்தேன்."

மேஸ்திரிக்கு காது சுட்டுச்சு. வண்டியிலேருந்து கொக்கு கழுத்தை நீட்டினான். "அக்கா, எனக்கு சாயங்காலம் வேற சைட் இருக்கு. தூக்கவா, கிளம்பவா?"

"தூக்கலாம்டா, இரு." தங்கச்சி பீடங்களை ஒரு பார்வை பார்த்தா. "கிரேன் எட்டி வைக்க வேண்டிய தூரத்து மூலையை மொதல்ல கொத்துண்ணே. நீ ஒண்ணு முடிச்சா நான் ஒண்ணு நிறுத்துறேன். மெஷின் வேணாம், போல்ட்டு அதிரும். உளியாலயே கொத்து. மரையில மட்டும் ஒரு கீறல் விழக்கூடாது."

மாப்பிள்ளை பழைய தண்ணிக் குழாயைத் துண்டு துண்டா வெட்டி, போல்ட்டுக்கெல்லாம் தொப்பி மாதிரி மாட்டினாரு. மேஸ்திரி உளியை வச்சு அடிச்சாரு. கலவை அசையல. இன்னொரு அடி. ஒரு சில்லு தெறிச்சுச்சு, அவ்வளவுதான்.

"என்ன மச்சான், இப்படிப் பிடிச்சிருக்கு?"

"நல்லா போட்டுத் தொலைச்சிட்டேன் மாப்ள!" மேஸ்திரி அழாத குறை. வாழ்க்கையில முதல் தடவையா, இந்த வேலையை வேற எவனாவது சோம்பேறி செஞ்சிருக்கக் கூடாதான்னு நினைச்சாரு.

கண்ணாடியாத் தேய்ச்ச மேல்பூச்சு மொதல்ல போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இருந்ததும் வந்துச்சு. மொத பீடத்தைக் கொத்தி, இரும்பு பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சு, ஊதி விட்டு, கீழ் நட்டு நாலையும் மாட்டி, "ஆச்சு!"ன்னு கத்தினாரு. கத்தி முடிக்கல, தலைக்கு மேல நிழல் விழுந்துச்சு. தூண் வந்துக்கிட்டிருந்துச்சு.

தங்கச்சி வேலை செஞ்சு மேஸ்திரி அன்னிக்கு வரைக்கும் பக்கத்துல இருந்து பார்த்ததில்ல. பட்டறைப் பக்கம் போனா வாசல்லயே நின்னு பேசிட்டு வந்துடுவாரு. இப்ப, உளியும் கையுமா மண்டியிட்ட இடத்துலேருந்து பார்த்தாரு. ரெண்டு மாடி உசரத் தூண், காத்துல கொஞ்சமா திரும்புது. கீழ்க் கயித்தை மாப்பிள்ளை புடிச்சிருக்காரு. தங்கச்சி உள்ளங்கையைக் கீழ காட்டி மெதுவா அசைக்கிறா, கொக்கு அந்தக் கையை விட்டு கண்ணை எடுக்கல. அவ விரலை மடக்கினா தூண் நிக்குது. விரிச்சா இறங்குது. எருமை கனம் இருக்கிற இரும்பு, நாலு போல்ட்டு மேல பூ வைக்கிற மாதிரி வந்து உக்காந்துச்சு. அவ மேல் நட்டைத் திருகிட்டு, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ரெண்டு பக்கமும் பார்த்து, கீழ் நட்டை லேசா ஏத்தி இறக்கினா. தூண் நிமிந்துச்சு. அதுக்குள்ள குறுக்குக் கம்பியும் இழுத்துக் கட்டியாச்சு.

"என்னண்ணே வாயைப் பொளந்துட்டு? அடுத்ததைக் கொத்து."

மேஸ்திரி கொத்தினாரு. சேர்ந்து கொத்த மாப்பிள்ளை வந்தாரு, லாரி டிரைவரும் சும்மா நிக்க வெக்கப்பட்டு வந்தாரு. உளிச் சத்தம் கேட்டு டெய்லரு எட்டிப் பார்த்து, "ஏன் மேஸ்திரி, மூஞ்சி தெரியலையா?"ன்னு கேட்டாரு. மேஸ்திரி நிமிரல. "உன் வாயைத் தைக்க ஊசி இருந்தா எடுத்துட்டு வாய்யா"ன்னாரு.

வெயில் சாயறப்ப அஞ்சு தூண் நின்னுச்சு, உத்தரங்களும் ஏறியிருந்துச்சு. ஆறாவது பீடத்தை மேஸ்திரி கொத்தி முடிச்சப்ப விரலெல்லாம் மரத்துப்போயி உளியே கையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. கொக்கு ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிட்டான்.

"ஆறாவதை நிமித்திட்டு இருக்க நேரம் இல்லண்ணே. நிறுத்திடலாம், உத்தரத்தை மாட்டுறப்பவே நிமித்திக்கலாம்"னா தங்கச்சி.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு உத்தரம். ஆனா அதுதான் இருக்கிறதுலயே நீளம். கூடத்தோட இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும், நடுவுல தூணே இல்லாம தாண்டுறது. இதுக்காகத்தான் இத்தனை இரும்பும். தங்கச்சி ஏணியில ஏறி, பெல்ட்டுக் கொக்கியை மாட்டிக்கிட்டு ஆறாவது தூண் உச்சியில நின்னா. உத்தரம் வந்துச்சு. அந்தப் பக்கம் போல்ட்டு ஏறிடுச்சு. இந்தப் பக்கம் ஏறல. தூண் வெளிப்பக்கமா சாஞ்சிருந்துச்சு. உத்தரத்து ஓட்டையும் தூணோட ஓட்டையும் பக்கத்துப் பக்கத்துல நின்னு, ஒண்ணை ஒண்ணு பார்க்காம முறைச்சிக்கிட்டு இருந்துச்சு. அவ ஸ்பானரோட கூர் வாலை ஓட்டையில விட்டு நெம்பிப் பார்த்தா. வரல.

"அக்கா, இதுக்கு மேல என்னால நிக்க முடியாது!" கொக்கு கத்தினான்.

"அண்ணே!" மேலேருந்து தங்கச்சி குரல். "ஸ்பானர் எடு. மேல் நட்டு நாலையும் லேசா தளர்த்து. கழட்டிடாத."

மேஸ்திரி தகட்டுப் பக்கத்துல தரையோட தரையா படுத்தாரு. தளர்த்தினாரு.

"வெளிப்பக்கத்து கீழ் நட்டு ரெண்டும். மேல ஏத்து. கால் சுத்து. கால் சுத்துதாண்ணே!"

கால் சுத்தா? இவ்வளவு பெரிய தூணுக்கு இந்த இத்தனூண்டு திருகா? மேஸ்திரிக்கு நம்பிக்கையே இல்ல. ஆனா சொன்னதை மட்டும் செய்யணும்னு காலையிலயே முடிவு பண்ணியாச்சு. அவரு கொத்தி எடுத்த அந்த ரெண்டு விரல் சந்துக்குள்ள ஸ்பானரை நுழைச்சு, மூச்சைப் புடிச்சு, ஒரு நட்டைக் கால் சுத்து. இன்னொண்ணைக் கால் சுத்து. அப்படியே கழுத்தைத் திருப்பி மேல பார்த்தாரு.

கீழ கண்ணுக்கே தெரியாத அசைவு. மேல தூண் உச்சி, தூக்கத்துல புரண்டு படுக்கிற மாதிரி, ஒரு கட்டைவிரல் அகலம் உள்ள வந்துச்சு. ஓட்டையும் ஓட்டையும் ஒண்ணாச்சு. டக்குனு போல்ட்டு உள்ள விழுந்த சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு.

மேஸ்திரி எந்திரிக்கல. மல்லாக்கப் படுத்தபடியே கிடந்தாரு. மேல, வானத்துல கோடு போட்ட மாதிரி தங்கச்சி வீடு. அதோட உச்சியில தங்கச்சி, கால் ரெண்டையும் உத்தரத்துல போட்டு உக்காந்துக்கிட்டு நட்டை முடுக்கிட்டிருந்தா. 'இவளுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது நான்தானே? அப்ப எப்படி பயந்தா?' பக்கத்துல யாருமே இல்லாம, "ஏ அப்பா"ன்னு சொல்லிக்கிட்டாரு. ஆறு பீடத்தையும் கண்ணாடி ஆக்கினப்ப வராத நிறைவு, அந்தக் கால் சுத்துல வந்துச்சு.

கொக்கு கிரேனைப் பின்னாடி எடுத்துட்டுப் போனான். மாப்பிள்ளை கூடத்துக்கு நடுவுல வந்து நின்னாரு. கண்ணை மூடிக்கிட்டு இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு நடந்தாரு. திரும்பி நடந்தாரு. எதுலயும் முட்டல. நெத்தியைத் தடவிக்கிட்டே சிரிச்சாரு.

"காலையில திட்டாம விட்டியேம்மா"ன்னு மேஸ்திரி இறங்கி வந்த தங்கச்சிகிட்ட கேட்டாரு.

"திட்டினா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவ. அப்புறம் யாரு கொத்துறது?" அவ ஹெல்மெட்டைக் கழட்டி வியர்வையைத் துடைச்சா. "இன்னும் சரியா நிமித்திப் பார்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன், நீ வந்து அடைச்சுக் குடு."

எல்லாத் தூணையும் நிமித்தி முடிச்சதும் தங்கச்சி சொல்லி அனுப்பினா. தெருவெல்லாம் பள்ளம், பலகை மேல நடந்து மேஸ்திரி வந்து சேர்ந்தாரு. அடைக்கிற கலவையே வேற மாதிரி. தண்ணியா ஓடும், காஞ்சாலும் சுருங்காது. பீடத்தைச் சுத்திப் பலகை கட்டி, ஒரே பக்கமா ஊத்தி, அந்தப் பக்கம் வழியிற வரைக்கும் பொறுமையா நின்னாரு. ஊத்துறதுக்கு முன்னாடி அடித்தகட்டைத் தட்டினப்ப டங்குனு வெத்துக் குடம் மாதிரி கேட்ட சந்தெல்லாம் இப்ப நிறைஞ்சுடுச்சு. ஆறையும் முடிச்சு நிமிந்தா, தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கிட்டு கரணையை நீட்டினா.

"ஓரமெல்லாம் இப்ப தேய்ச்சுக்கோண்ணே. கண்ணாடி மாதிரி. இப்ப நான் கேக்கமாட்டேன்."

மேஸ்திரி கரணையை வாங்கல. இடுப்புல கை வச்சு எல்லாரையும் ஒரு முறை முறைச்சாரு. "கரணையா? இது இறுகுற வரைக்கும் ஒருத்தரும் தூணைத் தொடக் கூடாது. சாயக் கூடாது. பக்கத்துல நின்னு தும்மக்கூடக் கூடாது, ஆமா. நட்டைக் கால் சுத்து திருகினா மேல என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும்."

சிமெண்டுத் தூசி ஏறி, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு மூக்கு அரிச்சுச்சு. அவரு மூக்கைப் பொத்திக்கிட்டு, கூடத்தைத் தாண்டி, பலகை மேல ஓடி, டெய்லர் வீட்டு வாசல்ல போயி நின்னு தும்மினாரு.